பகலில் நிரம்பும் நாடு: லக்சம்பர்க் கேள்வி பதில்

ஒன்பது வருடமாக லக்சம்பர்க்கில் இருக்கிறேன். தெற்கில் எஷ் என்ற ஊரில் வீடு, தலைநகரத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கு வேலை. "இந்த நாட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று வாய்விட்டதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். "விசா வாங்கித் தர முடியுமா" என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் இல்லை, மன்னிக்கவும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்): வரைபடத்தில் நாட்டைவிடப் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

டீச்சர், கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று சொல்லுங்கள், சட்டென்று பிடிபடும். பரப்பு 2,586 சதுர கி.மீ. வடக்கிலிருந்து தெற்கே 82 கி.மீ., குறுக்கே 57 கி.மீ. ஒரு பக்கம் பெல்ஜியம், ஒரு பக்கம் ஜெர்மனி, தெற்கே பிரான்ஸ். கடல் இல்லை. வடக்கில் மூன்றில் ஒரு பங்கு ஓஸ்லிங். ஆர்டென் மலைப்பகுதியின் தொடர்ச்சி, காடும் பள்ளத்தாக்குமாக இருக்கும். மீதி குட்லாண்ட், அதாவது 'நல்ல நிலம்'. ஊர்களும் ஆட்களும் பெரும்பாலும் இங்கேதான். நாட்டிலேயே உயரமான இடம் க்னைஃப், 560 மீட்டர். ஏற்காடு பார்த்தவர்கள் இதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கிழக்கு எல்லையில் மொசெல் ஆறு, கரையெல்லாம் திராட்சைத் தோட்டம். இந்த ஆற்றுக்கு நடுவே எல்லைக்கோடு கிடையாது. 1816இல் செய்த ஒப்பந்தப்படி ஆறு முழுக்க லக்சம்பர்க்குக்கும் ஜெர்மனிக்கும் பொது. பாலத்தில் நிற்கும்போது இரண்டு நாட்டிலும் நிற்கிறீர்கள். லக்சம்பர்க், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றும் சந்திக்கும் இடத்தில் ஷெங்கன் என்று ஒரு கிராமம். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஒரு கப்பலில் கையெழுத்தானதுதான் ஷெங்கன் ஒப்பந்தம். நம்மவர்கள் தூதரக வாசலில் வரிசையில் நின்று வாங்கும் விசாவுக்கு இந்தத் திராட்சைக் கிராமத்தின் பெயர்தான்.

கேள்வி (பொருளியல் மாணவர், கோவை): தனிநபர் உள்நாட்டு உற்பத்தியில் உலகில் முதல் வரிசை என்று பாடத்தில் இருக்கிறது. அங்கே எல்லாரும் பணக்காரர்களா, அக்கா?

தம்பி, அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. இங்கே குடியிருப்பவர்கள் சுமார் 6.8 லட்சம். அதுபோக தினமும் காலையில் பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து சுமார் 2.3 லட்சம் பேர் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறார்கள். இவர்களை 'ஃப்ரோந்தாலியே' என்பார்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் கிட்டத்தட்டப் பாதி இவர்கள்தான். இவர்கள் உழைப்பில் வருவதெல்லாம் உற்பத்திக் கணக்கில் சேர்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது இவர்கள் தலையை யாரும் எண்ணுவதில்லை. பத்துப் பேர் சமைத்ததை ஆறு பேருக்குப் பங்கு வைத்து "ஒரு இலைக்கு எவ்வளவு சோறு பார்த்தீர்களா" என்று சொல்வது போல.

என் குழுவில் எட்டுப் பேர். மூன்று பேர் பிரான்ஸிலிருந்தும், ஒருவர் பெல்ஜியத்திலிருந்தும், ஒருவர் ஜெர்மனியின் ட்ரியர் நகரத்திலிருந்தும் வருகிறார்கள். இரண்டு பேர் போர்ச்சுகல் குடும்பத்துப் பிள்ளைகள், அப்புறம் நான். லக்சம்பர்க்காரர் ஒருவர்கூட இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிரான்ஸ் பக்கத்துத் தியோன்வில் நகரத்துக்குப் போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அன்று உங்களுக்கு யோகம். எட்டு மணிக்கு அதே அலுவலகத் தெருவில் நடந்து பாருங்கள், உங்கள் காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

அதற்காக இது ஏழை நாடு என்று சொல்லவில்லை. குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 2,700 யூரோவை ஒட்டி இருக்கிறது. விலைவாசிக் குறியீடு 2.5 சதவீதம் ஏறினால் நாட்டில் எல்லாருடைய சம்பளமும் தானாக 2.5 சதவீதம் ஏற வேண்டும் என்பது சட்டம். முதலாளிகள் ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பார்கள், நெருக்கடி நேரத்தில் உயர்வைத் தள்ளிப்போட்டதுண்டு, ஆனால் சட்டத்தை யாரும் எடுத்துவிடவில்லை. ஏறிய சம்பளத்தை வீட்டு வாடகை விழுங்கிவிடும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களே வீடு வாங்க முடியாமல் எல்லைக்கு அந்தப் பக்கம் குடிபோய், தங்கள் சொந்த நாட்டுக்கு ஃப்ரோந்தாலியேயாக வருகிறார்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற உருக்காலை ஊழியர், சேலம்): ஒரு காலத்தில் இரும்புக்குப் பேர்போன நாடு. மிட்டல் வாங்கியதாகவும் படித்தேன். இப்போது உலை ஓடுகிறதா? வேறு எதை வைத்துப் பிழைக்கிறார்கள்?

ஐயா, உங்கள் கேள்விக்குத்தான் ஆசையாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் என் வீடு இருப்பதே அந்தச் செம்மண்ணில். தெற்கு விளிம்பில் கிடைத்த தாதுவுக்கு 'மினெட்' என்று பெயர். இரும்பு குறைவு, பாஸ்பரஸ் அதிகம். உருக்கினால் எஃகு நொறுங்கும். 1879வாக்கில் இங்கிலாந்திலிருந்து தாமஸ் முறை வந்த பிறகுதான் பாஸ்பரஸைப் பிரிக்க முடிந்தது. கழிவாக வந்த கசடை அரைத்து வயலுக்கு உரமாகப் போட்டார்கள். ஓஸ்லிங் பக்கத்துச் சத்துக் குறைந்த மண்ணுக்கு அது நன்றாகவே உதவியது. 1911இல் ஆர்பெட் நிறுவனம் உருவானது. வேலைக்கு முதலில் ஜெர்மானியர்களும் இத்தாலியர்களும் வந்தார்கள். 1960களுக்குப் பிறகு பெரும் அலையாக வந்த போர்ச்சுகீசியர்கள் கட்டட வேலைக்குப் போனார்கள்.

1970களின் நடுவில் எஃகுக்கு அடி விழுந்தது. கடைசிச் சுரங்கம் 1981இல் மூடியது, கடைசி ஊதுலை 1997இல் அணைந்தது. இப்போது பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்குகிறார்கள், அவ்வளவுதான். ஆர்பெட் 2002இல் ஆர்செலார் ஆகி, 2006இல் மிட்டலோடு சேர்ந்தது. ஆர்செலார்மிட்டலின் தலைமையகம் இன்றும் இங்கேதான். அணைந்த உலைகளில் இரண்டை, எஷ் பக்கத்துப் பெல்வாலில் அப்படியே நிறுத்தி வைத்து, சுற்றிலும் பல்கலைக்கழகம் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடக்கப் போவேன். துருப்பிடித்த குழாய்களுக்குக் கீழே மாணவர்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இரும்பு போன பிறகு எதை விற்றார்கள் என்றால், சட்டத்தை. இது என் கருத்து, கோபப்படுபவர்கள் படலாம். சின்ன நாடாக இருந்தாலும் தனி நாடு; தனக்கென்று சட்டம் போட்டுக்கொள்ளும் உரிமை இருக்கிறது. பக்கத்துப் பெரிய நாடுகள் எதை இறுக்குகின்றனவோ அதை இங்கே கொஞ்சம் தளர்த்தினால் வியாபாரம் தானாக வரும். பக்கத்தில் வானொலி அரசாங்கத்தின் பிடியில் இருந்தபோது இவர்கள் தனியாருக்கு உரிமம் கொடுத்தார்கள். 1933இலிருந்து ரேடியோ லக்சம்பர்க் ஐரோப்பா முழுக்க ஒலித்தது. 1985இல் செயற்கைக்கோள் நிறுவனம். 1988இல் ஐரோப்பிய முதலீட்டு நிதிச் சட்டத்தை மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு அமல்படுத்தினார்கள். அதன் பலனாக இன்று இங்கே பதிவான நிதிகளின் சொத்து 5 லட்சம் கோடி யூரோவுக்கு மேல், உலகில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம். 2017இல் விண்கல்லில் தோண்டுவது தோண்டியவருக்கே சொந்தம் என்றுகூடச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

மார்ட்லாஞ்ச் என்ற இடத்துக்கு வந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் பெல்ஜியம்: வீடுகள், ஜன்னல் திரைகள். எதிர்ப்பக்கம் லக்சம்பர்க்: வரிசையாகப் பெட்ரோல் பங்க்குகள், சிகரெட் கடைகள். காரணம் வரி, வேறொன்றுமில்லை. கசப்பான பக்கமும் உண்டு. பெரிய நிறுவனங்களுக்கு வரித்துறை முன்கூட்டியே எழுதிக்கொடுத்த சலுகை ஒப்பந்தங்கள் 2014இல் அம்பலமாயின. 'லக்ஸ்லீக்ஸ்' என்று உலகமே பேசியது. அதற்குப் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. என் வேலையில் பாதி அந்த விதிகளுக்கான படிவங்களை நிரப்புவதுதான்.

கேள்வி (இல்லத்தரசி, ஈரோடு): கணவருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. பையனுக்கு ஆறு வயது. எந்த மொழியில் படிப்பான்?

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பாலர் பள்ளியில் லக்சம்பர்கிஷ். எழுதப் படிக்கக் கற்பது ஜெர்மனில். இரண்டாம் வகுப்பில் பிரெஞ்சு சேரும். தொடக்கப் பள்ளியில் ஜெர்மனில் படித்த கணக்கை மேல்நிலையில் பிரெஞ்சில் படிக்க வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளே திணறுகிறார்கள். வீட்டில் போர்ச்சுகீஸ் பேசும் பிள்ளைகள் ஜெர்மனில் தோற்று, நல்ல மூளை இருந்தும் பின்தங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பிரெஞ்சிலேயே எழுத்துக் கற்கும் வழியை 2022இல் சில பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். உங்கள் பையனுக்கு, கட்டணம் இல்லாத அரசுப் பன்னாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலப் பிரிவு இருக்கிறது. வந்தவுடன் முதல் வேலையாக அதில் இடம் கேளுங்கள்.

மற்றபடி, சட்டம் பிரெஞ்சில் எழுதப்படும், நெடுங்காலமாக நடக்கும் செய்தித்தாள்கள் பெரும்பாலும் ஜெர்மனில் வரும், நாடாளுமன்றத்தில் லக்சம்பர்கிஷில் சண்டை போடுவார்கள். ரொட்டிக் கடையில் பிரெஞ்சு, ஏனென்றால் கல்லாவில் இருப்பவர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். 'மொயென்' என்ற ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு வாருங்கள். காலை வணக்கம் என்று பொருள், ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் அதைத்தான் சொல்வார்கள்.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை): மன்னராட்சியா, மக்களாட்சியா?

இரண்டும். உலகில் மிச்சமிருக்கும் ஒரே கிராண்ட் டச்சி இது, அதாவது அரசருக்குப் பதில் 'கிராண்ட் டியூக்' என்ற பட்டம் உள்ளவர் தலைவராக இருக்கும் நாடு. கிராண்ட் டியூக் ஹென்றி 2025 அக்டோபர் 3 அன்று பதவி விலகி, மகன் கியோம் பொறுப்பேற்றார். பழைய புத்தகத்தில் படித்து விடை எழுதாதீர்கள். ஆட்சி பிரதமர் கையில். 2023 நவம்பரிலிருந்து லூக் ஃப்ரீடன். நாடாளுமன்றத்தில் 60 இடங்கள், ஒரே அவை. ஓட்டுப் போடுவது கட்டாயம். தெற்குத் தொகுதிக்கு 23 இடம் என்றால் அங்கே ஒவ்வொருவர் கையிலும் 23 ஓட்டு. கட்சி பேதமில்லாமல் பிரித்துப் போடலாம், ஒரே ஆளுக்கு இரண்டு வரை கொடுக்கலாம். கருணைக்கொலைச் சட்டத்தில் கையெழுத்திட மனசாட்சி இடம் தரவில்லை என்று 2008இல் ஹென்றி சொன்னார். அரசியல் நெருக்கடி என்று பதறாமல், அரசியலமைப்பைத் திருத்தி "உங்கள் ஒப்புதல் தேவையில்லை, வெளியிட்டால் போதும்" என்று முடித்துவிட்டார்கள்.

கேள்வி (வரலாற்று ஆர்வலர், தஞ்சாவூர்): இவ்வளவு சின்ன நாட்டைப் பக்கத்து நாடுகள் ஏன் விழுங்கவில்லை?

கடித்துத் தின்றார்கள், முழுசாக விழுங்கவில்லை. 1659இல் பிரான்ஸ் ஒரு துண்டு, 1815இல் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசு ஒரு துண்டு, 1839இல் பெல்ஜியம் பெரிய துண்டு. பெல்ஜியத்தில் லக்சம்பர்க் என்றே ஒரு மாகாணம் இருக்கிறது, இந்த நாட்டைவிடப் பெரியது. தலைநகரின் பாறைக்கோட்டை யார் கையில் என்று பிரான்ஸும் பிரஷ்யாவும் முட்டிக்கொண்டதில், 1867இல் "யாருக்கும் வேண்டாம், கோட்டையை இடி, நடுநிலையாக இரு" என்று முடிவானது. இடித்து முடிக்கப் பதினாறு வருடம் ஆனது. பாறைக்குள் குடைந்த சுரங்கப் பாதைகளில் 17 கி.மீ. இன்னும் மிச்சம். நாஜி ஆக்கிரமிப்பில், 1941 அக்டோபர் கணக்கெடுப்பில் நாடு, தாய்மொழி, இனம் மூன்றுக்கும் 'ஜெர்மன்' என்று எழுதச் சொன்னார்கள். மக்கள் மூன்றுக்கும் 'லக்சம்பர்கிஷ்' என்று எழுதப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கணக்கெடுப்பையே கைவிட்டார்கள். அடுத்த வருடம் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்துக்கு 21 பேரைக் கொன்றார்கள்.

கேள்வி (பாரிஸிலிருந்து ஒருவர்): நீங்கள் அங்கே வாக்களிக்கலாமா?

ஊராட்சித் தேர்தலில் போடலாம், போட்டிருக்கிறேன். நாடாளுமன்றத்துக்கு முடியாது. மக்கள்தொகையில் சுமார் 47 சதவீதம் வெளிநாட்டவர். அவர்களுக்கும் வாக்குரிமை தரலாமா என்று 2015இல் கேட்டபோது 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அப்போது எனக்கு இது அநியாயமாகப் பட்டிருக்கும். இப்போது பாதி புரிகிறது: மொழியும் வாக்கும் தவிர லக்சம்பர்க்காரர்கள் கையில் தனியாக எதுவும் மிஞ்சவில்லை.

குடியுரிமைக்கு ஐந்து வருடம் குடியிருந்து, லக்சம்பர்கிஷ் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். ஒரு படத்தைக் கொடுத்து விவரிக்கச் சொல்வார்கள். எனக்குச் சந்தைப் படம் வந்தது. பதற்றத்தில் காய்கறிகளின் பெயரெல்லாம் மறந்துபோய், எல்லாவற்றையும் 'உருளைக்கிழங்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் தேறிவிட்டேன். விண்ணப்பம்தான் இன்னும் போடவில்லை. போட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (பலர்): பேருந்து இலவசமாமே? சாப்பாடு எப்படி?

ஆமாம், 2020 பிப்ரவரி 29இலிருந்து நாடு முழுக்கப் பேருந்து, டிராம், ரயில் எல்லாம் இலவசம், ரயிலின் முதல் வகுப்பு தவிர. சுற்றுலா வந்தவருக்கும் உண்டு. கார்கள் குறையுமென்று பார்த்தால் அது பெரிதாக நடக்கவில்லை. இலவசம் எல்லையோடு முடிந்துவிடுவதால், காரில் வருபவருக்கு அதில் லாபம் கொஞ்சம்தான்.

சாப்பாட்டில் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் ராஜ்ஜியம். சைவக்காரர்கள் கோடையின் முடிவில் நடக்கும் ஷூபர்ஃபூர் பொருட்காட்சிக்கு வாருங்கள், 1340இலிருந்து நடக்கிறது. 'குரோம்பரகிஷெல்ஷர்' என்று, உருளைக்கிழங்கைத் துருவி வெங்காயம் சேர்த்து எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். முட்டை சேர்ப்பார்கள், அதையும் ஒதுக்குபவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ்தான் வரும். நான் கைப்பையில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோவேன்.