எந்தத் தேவாலயம்? – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ராக் அண்ட் ரோல் பற்றிய உங்கள் கட்டுரையில் எல்விஸ் பிரெஸ்லிக்கு முன்னால் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பை வைத்திருக்கிறீர்கள். அவர் தேவாலயப் பாடகி அல்லவா? கர்த்தரைப் பாடியவரை இதில் சேர்ப்பது சரியா?

க., கோவை

அன்புள்ள க.,

தேவாலயப் பாடகிதான். ஆனால் எந்தத் தேவாலயம் என்று பாருங்கள். ரொசெட்டா 1915இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளாண்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அம்மா கறுப்பினத்தவரின் பெந்தெகொஸ்தே சபையில் ஊழியம் செய்தவர், மாண்டலின் வாசிப்பார். கைதட்டி, கஞ்சிரா போன்ற டாம்பரின் அடித்து, எழுந்து ஆடித் துதிக்கும் சபை அது. ராக் அண்ட் ரோலின் தாளம் அவர் காதில் விழுந்தது அங்கேதான்.

1944இல் டெக்கா ரெக்கார்டு கம்பெனிக்காக அவர் பாடிய ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ பாட்டைக் கேளுங்கள். வார்த்தைகள் சபையுடையவை, சாமி பிரைஸின் பியானோவோ பூகி-வூகி என்ற துள்ளலான ஆட்ட இசை. அடுத்த வருடம், கறுப்பினத்தவர் இசைக்கென்று பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை தனியாக வைத்திருந்த பட்டியலில் அது இரண்டாம் இடத்துக்கு வந்தது. எல்விஸின் முதல் ரெக்கார்டு 1954இல்தான். 1947இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், கச்சேரிக்கு முன்பு 14 வயதுப் பையன் ஒருவன் ரொசெட்டாவின் பாட்டைப் பாடுவதைக் கேட்டு, அவனை மேடையேற்றிப் பாடவைத்து, கையில் பணமும் கொடுத்தார் ரொசெட்டா. அந்தப் பையன்தான் பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான லிட்டில் ரிச்சர்ட்.

நீங்கள் கேட்பதை அவர் வாழ்நாள் முழுக்க இரண்டு பக்கமிருந்தும் கேட்டார்கள். கிளப்பில் பாடுகிறார் என்று சபையில் முகம் சுளித்தார்கள். ராக் ரசிகர்கள் சபைப் பாடகிதானே என்று அவரை மறந்துபோனார்கள். 1970இல் பக்கவாதம், அப்புறம் சர்க்கரை நோயால் ஒரு காலை எடுக்க வேண்டிவந்தது. 1973இல் பிலடெல்பியாவில் இறந்தார். 2009 வரை அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ராக் இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்.

சரி, என் வார்த்தையை நம்ப வேண்டாம். 1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், ரயில் வராத பழைய ஸ்டேஷன் ஒன்றில் கிரனாடா தொலைக்காட்சி எடுத்த காட்சி இணையத்தில் இருக்கிறது. ரசிகர்கள் எதிர் பிளாட்பாரத்தில். தரையெல்லாம் மழை ஈரம். கோட்டு போட்ட 49 வயதுப் பெண்மணி குதிரை வண்டியில் வந்து இறங்கி, வெள்ளை கிப்சன் கிட்டாரை மாட்டிக்கொள்கிறார். மழை பெய்ததால் முதல் பாட்டையே மாற்றி, நோவா காலத்துப் பெருமழையைப் பாடும் ‘டிடின்ட் இட் ரெயின்’ பாட்டைத் தொடங்குகிறார். நடுவில் கிட்டார் மட்டும் ஒலிக்கும் இடம் வரும்போது, அந்த வலதுகையைப் பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்