பேட்டர்ன்படிதான் வெட்டினேன், ஏன் சின்னதாகிவிட்டது?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். 2 வயது மகளுக்காக, இணையத்தில் கிடைத்த வெளிநாட்டு ஃபிராக் பேட்டர்னைப் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்துத் தைத்தேன். மகளின் மார்புச் சுற்று 21 இன்ச். பேட்டர்னிலும் அதே அளவைத்தான் எடுத்தேன். ஆனால் தலை நுழையவில்லை, கக்கத்தில் பிடிக்கிறது, ஒரு தடவை துவைத்ததும் இன்னும் சுருங்கிவிட்டது. பேட்டர்ன் தாளில் ‘4 இன்ச்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறது, டேப் வைத்துப் பார்த்தால் 3¾ தான் வருகிறது. அதனால் ஏதும் தப்பா? கடற்பசு பொம்மை ஒன்றும் தைத்தேன், பஞ்சு அடைக்கும்போதே வால் பக்கம் பிரிந்துவிட்டது. துணியில் குண்டூசித் துரு வேறு. ஃபிராக்கைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: தப்பு அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் கையில் இல்லை. வீட்டில் பிரின்ட் எடுப்பவர்கள் அளவு சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அதைப் போடுகிறார்கள். 4 இன்ச் கட்டம் 3¾ ஆகியிருந்தால், தாளில் உள்ள ஒவ்வொரு கோடும் நூற்றுக்கு 94 ஆகச் சுருங்கிவிட்டது என்று பொருள். அமெரிக்கப் பேட்டர்ன்கள் பெரும்பாலும் 8½ இன்ச் அகலமுள்ள ‘லெட்டர்’ தாளுக்குப் போட்டவை. நம் ஊர் ஏ4 தாளின் அகலம் 8¼ தான். பிரின்டர் ‘ஃபிட்’ என்ற அமைப்பில் இருந்தால், ஓரத்து வெள்ளை இடத்தையும் விட்டுவிட்டு மொத்தப் படத்தையும் இழுத்து உள்ளே அடக்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுக்கும் பிரின்ட்டில் இது அடிக்கடி நடக்கிறது.

21 இன்ச் மார்புக்கு, கையைத் தூக்கி விளையாட 3 இன்ச் லூஸ் சேர்த்து, தைத்து முடித்த ஃபிராக் 24 இன்ச் இருக்க வேண்டும். அது 94 சதவீதம் ஆனால் 22½. லூஸில் பாதி தாளிலேயே போய்விட்டது. அடுத்த முறை ‘ஆக்சுவல் சைஸ்’ அல்லது ‘100 சதவீதம்’ என்று கேளுங்கள். எல்லாப் பக்கங்களையும் எடுக்காமல், கட்டம் உள்ள பக்கத்தை மட்டும் முதலில் எடுத்து அங்கேயே டேப் வைத்துப் பாருங்கள். கட்டத்தின் நீளம், அகலம் இரண்டும் 4 இருக்க வேண்டும், ஏனெனில் ஒன்று மட்டும் சரியாக வருவதும் உண்டு. தாள்களை ஒட்டும்போது தாளின் ஓரத்தை நம்பாமல், உள்ளே அச்சிட்ட சட்டக் கோட்டில் வெட்டி ஒட்டுங்கள். கையில் இருக்கும் சின்ன தாளை ஜெராக்ஸில் 107 சதவீதம் பெரிதாக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். இணைப்புக் கோடுகள் பொருந்தாமல் போய், வேலை இரட்டிப்பாகும்.

இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். தையலுக்கு விடும் துணி பேட்டர்னிலேயே இருக்கிறதா, நாம்தான் சேர்க்க வேண்டுமா? இதில் ஒரே வழக்கம் கிடையாது. அமெரிக்காவின் பெரிய பேட்டர்ன் கம்பெனிகள் 5/8 இன்ச் சேர்த்தே கொடுக்கும். ஜெர்மனியின் பர்தா இதழில் வரும் பேட்டர்னில் அது இருக்காது. குழந்தை உடுப்புக்கென்றே சிறிய அளவில் பேட்டர்ன் விற்பவர்கள் பலர் ¼ அல்லது 3/8 வைக்கிறார்கள். ¼ இன்ச் விட்ட பேட்டர்னை நம் வழக்கப்படி ½ இன்ச் பிடித்துத் தைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்கள். இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் இரண்டு துணி, ஆக நான்கு ஓரம். நான்கு கால் இன்ச் சேர்ந்து, மார்பில் முழுசாக 1 இன்ச் போய்விடும்.

ஆகவே துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால், தாளையும் குழந்தையையும் சேர்த்து அளந்துவிடுங்கள். முன் பாகத் தாளில் கக்கத்துக்குக் கீழே, நடுக்கோட்டிலிருந்து ஓரம் வரை அளந்து, தையலுக்கு உள்ளதைக் கழித்தால் 6 இன்ச் வர வேண்டும். நாலில் ஒரு பங்கு அதுதான், 24-க்கு 6. தோளிலிருந்து கக்கம் வரையிலான இறக்கம் இந்த அளவுக் குழந்தைக்கு 5¼ முதல் 5½. அதற்குக் குறைந்தால் கக்கத்தில் பிடிக்கத்தான் செய்யும். பேட்டர்ன் மேல் போட்டிருக்கும் வயதைப் பார்க்காதீர்கள். அகலத்துக்கு மார்புச் சுற்று, நீளத்துக்குத் தோளிலிருந்து முழங்கால், இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லியாக, உயரமாக இருக்கும் பிள்ளைக்கு அகலம் 2 வயதிலும் நீளம் 3 வயதிலும் வரும். அதில் தவறே இல்லை. புதுத் துணியை வெட்டும் முன் பழைய வேட்டியில் மேல் பாகத்தை மட்டும் ஓட்டுத் தையல் போட்டு, மாட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை, ஒரு மீட்டர் துணியைக் காப்பாற்றும்.

கழுத்துக்கு வருவோம். 2 வயதில் தலைச்சுற்று ஏறக்குறைய 19 இன்ச் இருக்கும். அழகாக உட்காரும் கழுத்தோ 12, 13 இன்ச் தான். தலை எப்படி நுழையும்? அதற்காகத்தான் முதுகில் திறப்பு. கழுத்துச் சுற்றோடு திறப்பின் நீளத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டுங்கள். அது தலைச்சுற்றைவிட 1 இன்ச்சாவது கூட இருக்க வேண்டும். கழுத்து 12½, திறப்பு 4 என்றால் மொத்தம் 20½. போதும்.

தைத்து முடித்த ஃபிராக்கிலும் இதைச் செய்யலாம். முதுகு நடுவில் 4 இன்ச் கோடு போடுங்கள். 3 இன்ச் அகலம், 5½ இன்ச் நீளத்தில் ஒரு துண்டை நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து, மேல் ஓரத்தை மடித்து வையுங்கள். கோட்டின் இருபுறமும் 1/8 இன்ச் தள்ளித் தைத்து, அடியில் குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டுத் திரும்புங்கள். தைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். அடித் தையலுக்கு ஒரு நூல் முன்னால் கத்தரி நின்றுவிட வேண்டும். அங்கே தயங்கிக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினால் உள்ளே புரட்டும்போது சுருக்கம் விழும், தாண்டினால் கிழியும். மேலே ஒரு துணி வளையம், ஒரு பிளாஸ்டிக் பட்டன். டிச் பட்டனும் இரும்புக் கொக்கியும் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துக் கழுத்தில் கறை வைக்கும். கழுத்தில் நீள நாடா மட்டும் வைக்காதீர்கள். எங்காவது மாட்டினால் குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடும்.

மார்புக்குக் கக்கப் பட்டி வைத்துவிடலாம். ஃபிராக்கின் மார்பை இப்போது அளந்து 24-ல் கழியுங்கள். மீதியில் பாதி ஒரு பக்கத்துப் பட்டியின் அகலம், தையலுக்கு அதோடு 1 இன்ச். பக்கத் தையலைக் கக்கத்திலிருந்து இடுப்பு வரை பிரித்து, இடுப்புத் தையலிலும் இருபுறம் 2 இன்ச் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டியை வைத்துத் தைத்து, பாவாடைச் சுருக்கத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் புது அகலத்துக்குச் சரியாகிவிடும். பட்டியின் தலைப்பை நேராக விடாமல் ½ இன்ச் கீழே வளைத்து வெட்டினால் கக்கத்துப் பிடிப்பும் போய்விடும். அதே துணி இல்லையென்றால் வேறு நிறத்தில் வையுங்கள், கழுத்துத் திறப்புக்கும் அதே நிறம் போட்டால் வேண்டுமென்றே வைத்தது போலிருக்கும்.

துவைத்ததும் சுருங்கியதற்குக் காரணம், துணியை நனைக்காமல் வெட்டியது. பாப்ளின், கேம்ப்ரிக், மல் எல்லாமே கஞ்சியோடு இழுத்து மடித்து வருபவை. முதல் தண்ணீரில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். 20 இன்ச் ஃபிராக்கில் 5 சதவீதம் என்றால் 1 இன்ச். வாங்கிய துணியை ஓர் இரவு ஊறவைத்து, அலசி, நிழலில் காயவைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு வாளி வேண்டும், இல்லையேல் துணி விறைத்து நிற்கும். குழந்தைக்கு எங்கள் முதல் சிபாரிசு பலமுறை துவைத்த பருத்திச் சேலை, பரமக்குடிக் கைத்தறி மாதிரி. அது சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கி முடித்திருக்கும், உடம்பையும் உறுத்தாது.

குண்டூசிக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, வெயிலில் வைத்து, அலசுங்கள். சாயம் போகிறதா என்று ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். பிளீச்சிங் போடவே கூடாது, துருக் கறையை அது நிரந்தரமாக்கிவிடும். கடலோரத்தில் குண்டூசியை ராத்திரி முழுக்கத் துணியில் விட்டுவைக்கக் கூடாது. இறுக்கமான மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டுவையுங்கள். மிஷின் ஊசியும் அப்படித்தான். நகத்தால் நுனியைத் தடவிச் சொரசொரப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், தையல் விட்டுவிட்டு விழுவதற்கு அதுவே காரணமாக இருக்கும். பாப்ளினுக்கு 14-ஆம் நம்பர், மல்லுக்கு 11. மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் பிசுபிசுத்து இறுகும். மிஷின் ஆயில்தான் விட வேண்டும்.

இனி ஆவுளியா, அதாவது கடற்பசு. உங்கள் பேட்டர்னில் வால் வட்டமாக, துடுப்பு மாதிரி இருந்தால் அது அமெரிக்கக் கரையின் மானட்டீ என்ற வேறு வகைக் கடற்பசு. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இருக்கும் நம் ஆவுளியாவுக்கு வால் ஓங்கிலுக்கு (டால்பின்) இருப்பது போல இரண்டாகப் பிளந்து, தட்டையாகப் படுத்திருக்கும். முதுகில் துடுப்பு கிடையாது. அடியில் உள்ள கடற்புல்லை மேய்வதால் மூஞ்சி கீழ்நோக்கி மடிந்திருக்கும். உடம்பை இரண்டு பக்கத் துண்டாக வெட்டும்போது வாலையும் சேர்த்து வெட்டினால் மீன் வால் மாதிரி செங்குத்தாக நின்றுவிடும். வாலைத் தனியாக, 5 இன்ச் அகலத்தில் இரண்டு துண்டாக வெட்டித் தைத்து, உடம்பின் முனையில் படுக்கையாக வைத்துக் கையால் இணையுங்கள். உங்கள் பொம்மை பிரிந்த சிக்கலும் இதில் தீரும், ஏனெனில் உடம்பு ஒடுங்கி வாலாக விரியும் அந்த இடுக்கில்தான் பஞ்சின் அழுத்தம் முழுவதும் விழுகிறது.

துணிக்குப் பழைய கைலி மிக நன்று. நெசவு நெருக்கம், கட்டம் பார்த்து நேர் நூல் தப்பாமல் வெட்டலாம். உடுப்புக்கு இன்ச்சுக்கு 10, 12 தையல் என்றால் பொம்மைக்கு 14 வேண்டும், மேலேயே இரண்டாம் தடவையும் ஓட்டுங்கள். உள்வளைவில் சின்ன வெட்டு, வெளிவளைவில் முக்கோண வெட்டு, இரண்டுமே தையலுக்கு 1/8 இன்ச் முன்னால் நிற்க வேண்டும். அடைக்கும் வாயை வளைவில் வைக்காமல் வயிற்றின் நேரான பாகத்தில் 2½ இன்ச் விடுங்கள். பஞ்சை எலுமிச்சை அளவுக்குப் பிய்த்து, மூஞ்சியிலிருந்து தொடங்கி அடையுங்கள். கட்டியாகத் திணித்துக் குச்சியால் குத்தினால் தையல்தான் வாங்கிக்கொள்ளும். 12 இன்ச் பொம்மைக்கு 100 கிராம் பாலியஸ்டர் பஞ்சு போதும். இலவம்பஞ்சு லேசுதான், ஆனால் துவைத்தால் திரண்டு கட்டியாகிவிடும், பிரிந்தால் பறந்து குழந்தையின் மூக்கில் ஏறும். கண்ணுக்குப் பட்டனோ மணியோ வேண்டாம், 3 வயதுக்குள் எல்லாம் வாய்க்குள்தான் போகும். கறுப்பு நூலால் பூத்தையல் போடுங்கள். வீட்டில் 1 வயதுக்குள் குழந்தை இருந்தால், தூங்கும் இடத்தில் இந்தப் பொம்மையை வைக்காதீர்கள்.

துவைத்தால் துண்டில் சுற்றி அழுத்திப் பிழிந்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டு உள்வரை காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேலே காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். நடுவில் அழுத்திப் பிடித்து முகர்ந்து பாருங்கள், ஊறல் வாடை வந்தால் வயிற்றுத் தையலைப் பிரித்துப் பஞ்சை மாற்றிவிடுங்கள்.