சிறுவர் போராளியின் தன்வரலாற்றில் முக்கியக் கருப்பொருள்கள் எவை?

நீங்கள் டிகிரி படிக்கிறீர்கள், பரீட்சை நெருங்கிவிட்டது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெங்களூரு அல்சூரில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், அங்கே நான் நடத்தியது சிறுவனாகப் போரில் சண்டையிட்ட இஷ்மேல் பெயா தன் கதையை எழுதிய ‘எ லாங் வே கான்’ (2007), அதை வைத்தே சொல்கிறேன்.

போர், பறிபோன பால்யம், உயிர் பிழைத்தல் எல்லாம் கைடிலேயே இருக்கும், தப்பும் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால் புத்தகத்தின் உயிர் பெயாவைப் படையிலிருந்து மீட்ட பிறகு வரும் பக்கங்களில்தான் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் 1991-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரில், புத்தகம் சொல்கிறபடி, பன்னிரண்டு வயதில் ஊரைவிட்டு ஓடியவனைப் பதின்மூன்று வயதில் ராணுவம் சேர்த்துக்கொண்டு, போதை மருந்தைக் கொடுத்துக் கொல்லப் பழக்கியது. 1996-ல் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் தலைநகர் ஃப்ரீடவுனில் இருந்த மறுவாழ்வு இல்லத்துக்குக் கூட்டிப்போனபோது அவனுக்குச் சந்தோஷமில்லை, தன் படையே தன்னைக் கைவிட்டுவிட்டதென்ற ஆத்திரம்தான். அங்கே எல்லோரும் “இது உன் தப்பில்லை” என்று சொல்லச் சொல்ல, அவனைப் போலப் படையிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த இடத்தை நடத்தும்போது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் பேசினான். அவன் தம்பி ஒரு தெருச் சண்டை கேஸில் மாட்டிச் சிறுவர் இல்லத்தில் இருந்துவிட்டு வந்தவன். “வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க மிஸ், ஆனா அவனை யாரும் வேலைக்குச் சேத்துக்க மாட்டேங்கறாங்க” என்றான். அதற்குப் பிறகு அன்றைக்குப் பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. போரையும் தெருச் சண்டையையும் ஒன்றாக்குகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம், இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். திரும்பி வந்த பிள்ளையை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

பெயாவை மாற்றியது அந்த ஒரு வாக்கியம் மட்டுமல்ல. அந்த மறுவாழ்வு இல்லத்தில் எஸ்தர் என்ற நர்ஸ் வாக்மேனும் ராப் கேசட்டும் வாங்கிக் கொடுத்து, அவன் வாய் திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார், அப்புறம் டாமி மாமா வீட்டில் இடம் கிடைத்தது. ராணுவத்தில் சேர்ந்தபோது அவனுடைய பழைய கேசட்டுகள் துணியோடு நெருப்பில் போயிருந்தன, அதனால் இசையை ஒரு கருப்பொருளாகத் தாராளமாக எழுதலாம்.

  

நிறையப் பேர் பெயா அரசை எதிர்த்த கிளர்ச்சிப் படையில் இருந்தான் என்று எழுதி வைக்கிறார்கள். அவன் இருந்தது அரசுப் படையில். நல்லவர் பக்கம், கெட்டவர் பக்கம் என்று பிரிக்கவே முடியாமல் போவதும் இந்தப் புத்தகத்தின் பெரிய கருப்பொருள்தான், அதை விட்டுவிடாதீர்கள்.