பழைய டேங்க், புதிய இன்ஜின்

கேள்வி: என் 1972 செவ்ரோலே சி10 பிக்கப்பில் ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் எல்எஸ் இன்ஜினை (பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வகை) பொருத்தினேன். ஐட்லிங்கில் சீராக ஓடுகிறது. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும் வளைவுகளில் திணறி அணைந்துவிடுகிறது. பம்ப் புதியது. கோளாறு எங்கே? – டெக்சாஸ் வாசகர்

பதில்: பம்பின் மேல் பழி போடுவதற்கு முன் டேங்கைப் பாருங்கள். உங்கள் வண்டியில் அது இருக்கைக்குப் பின்னால் நெட்டையாக நிற்கிறது. வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும்போது உறிஞ்சு குழாயின் வாய் காற்றை இழுக்கிறது. கார்புரேட்டராக இருந்தால் அதன் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் அந்தச் சில நொடிகளைச் சமாளித்திருக்கும். சுமார் 58 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 58 பவுண்டு) அழுத்தத்தை இடைவிடாமல் கேட்கும் எல்எஸ் இன்ஜினுக்கு அந்தச் சேமிப்பு இல்லை.

ஃப்யூல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாய்) பிரஷர் கேஜை இணைத்து, அதை விண்ட்ஷீல்டின் வெளிப்புறத்தில், உள்ளிருந்து தெரியும்படி ஒட்டிவைத்து (பெட்ரோல் குழாயைக் கேபினுக்குள் ஒருபோதும் கொண்டுவராதீர்கள்), வண்டி நடமாட்டமற்ற இடத்தில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். முள் சட்டெனச் சரிந்து, பம்ப் கீச்சிட்டால் காற்றுதான் காரணம். நேர்ச்சாலை ஏற்றத்தில் முள் மெல்ல இறங்கினால் ஃபில்டரையும், இன்ஜின் ஓடும்போது பம்ப் முனையில் கிடைக்கும் வோல்டேஜையும் சோதியுங்கள்.

பெட்ரோல் ஒதுங்காமல் காக்கும் தடுப்புகளும் உள்பம்பும் கொண்ட இன்ஜெக்‌ஷன் டேங்கைப் பின்தளத்தின் அடியில் மாட்டுவதையே பரிந்துரைப்பேன். பழைய டேங்கில் வெல்டிங் வேண்டாம். காலியானாலும் ஆவி தங்கியிருக்கும்.