மூட்டு மாற்று அறுவையும் ஸ்டீராய்டும்: சர்க்கரை நோயாளிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: மூட்டு மாற்று அறுவையின்போது அம்மாவுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். மறுநாள் சர்க்கரை 260. ஊசி போட்டது தவறா?

ப: தவறில்லை. வலியையும் குமட்டலையும் குறைக்க 8 மி.கி. அளவில் ஒருமுறை கொடுப்பது வழக்கம்தான். சர்க்கரை பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, இரண்டு நாட்களில் இறங்கிவிடும். 180ஐத் தாண்டினால் மருத்துவமனையில் இன்சுலின் கொடுத்துக் கட்டுப்படுத்துவார்கள்.

கே: அந்த ஊசியால் அறுவைப் புண்ணில் தொற்று வருமா?

ப: பலவகை அறுவைகள் செய்துகொண்ட சுமார் 8,700 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், 8 மி.கி. ஒற்றை ஊசியால் புண் தொற்று கூடவில்லை. அவர்களில் சர்க்கரை நோயாளிகளும் இருந்தனர். நாள்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கு இந்த முடிவைப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கே: அறுவை முடிந்து இரண்டு மாதமாகியும் வலி தீரவில்லை. உறவினரிடம் மீதமிருந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டேன்; வலி போய்விட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 120தான். தொடரலாமா?

ப: கூடாது. எத்தனை மி.கி. சாப்பிட்டீர்கள், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்ன, தழும்பு எப்படி இருக்கிறது என்று எதையும் எழுதாமல் அனுமதி மட்டும் கேட்கிறீர்கள். காலையில் விழுங்கும் பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். விடியற்காலையில் அளவு இயல்பாகத் தெரியலாம் என்பதால், வெறும் வயிற்று அளவை மட்டும் நம்பாதீர்கள் என்று மீண்டும் மீண்டும் எழுதிவருகிறேன். அதைவிடப் பெரிய ஆபத்து, செயற்கை மூட்டில் கிருமி தொற்றியிருந்தால் அதன் அடையாளங்களான வலியையும் காய்ச்சலையும் இந்த மாத்திரை மறைத்துவிடுவதுதான். உலோகத்தின் மேல் படலமாகப் படிந்துவிட்ட கிருமியை ஆன்டிபயாடிக் மட்டும் அழிப்பது அரிது. மூட்டையே கழற்ற வேண்டிய நிலைகூட வரலாம். வலியின் காரணத்தை அறியாமல் வலியை மட்டும் அடக்குவது, அதுவும் இன்னொருவருக்கு எழுதித் தந்த மருந்தால் அடக்குவது, எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பழக்கம். உடனே அறுவை செய்த மருத்துவரிடம் சென்று, மாத்திரை சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனைகளையும், தேவைப்பட்டால் மூட்டு நீர்ப் பரிசோதனையையும் அவர் செய்வார்.

கே: மாற்றிய மூட்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

ப: தொற்று அபாயம் இருப்பதால் தவிர்க்க வேண்டும். மாற்றப்படாத மூட்டில் போட்டுக்கொண்டிருந்தாலும், அறுவைக்கு முன் மூன்று மாத இடைவெளி தேவை.

கே: முடக்குவாதத்துக்காகப் பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன். அறுவைக்கு முன் நிறுத்திவிடட்டுமா?

ப: நீங்களாக நிறுத்தவே கூடாது, உடலுக்குத் தேவையான இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் ரத்த அழுத்தம் அபாயகரமாக வீழ்ந்துவிடலாம். மயக்க மருந்து நிபுணரிடம் மாத்திரையின் அளவைச் சொல்லி, பிற்பகல், மாலைச் சர்க்கரை அளவுகளையும் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.