யோசனைகளைப் பகிர்ந்துகொள்வதால்தான் ஓர் ஊர் செழிக்கிறதா?

உழைப்பும் பணமும் இருந்தால் போதாதா, மனிதர்கள் யோசனைகளைப் பரிமாறிக்கொண்டதால்தான் உலகம் முன்னேறியது என்பது மிகையாகத் தெரிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். மிகை இல்லை என்றுதான் நான் சொல்வேன். எங்கள் குடும்பம் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடுகிற குடும்பம். அதனால் அந்தக் கிழங்கை வைத்தே சொல்கிறேன்.

கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்கா. கசப்பு ரகங்களைச் சரியாகப் பக்குவப்படுத்தாமல் தின்றால் உடம்பில் சயனைடு சேரும். துருவி, ஊறவைத்து, பிழிந்து, சுட்டு அந்த விஷத்தை எடுக்கும் முறையை அமேசான் பகுதிப் பழங்குடி மக்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் போர்ச்சுக்கீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்கும் நம் பக்கத்துக்கும் கொண்டுவந்தார்கள். நடுகிற குச்சியைக் கப்பலில் ஏற்றிவிடலாம், பக்குவத்தை அப்படி ஏற்ற முடியாது, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து செய்து காட்ட வேண்டும். ஆப்பிரிக்காவில் பல ஊர்க்காரர்கள் ஊறவைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பஞ்சத்திலும் போரிலும் அவசரப்பட்டு அதைக் குறைத்த இடங்களில் கொன்சோ என்ற நோய் வந்தது, இரண்டு கால்களும் விறைத்துப்போய்த் திரும்பச் சரியாகாது. மொசாம்பிக்கில் 1981 வறட்சியின்போது ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் அப்படிப் பாதிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் உழைக்காதவர்களா என்ன?

இப்போது சேலத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மலேயா பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது. சேலத்து மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்தவர், அங்கே மரவள்ளி ஏற்கெனவே சாப்பாடாகவே ஆகியிருந்தது. பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவருக்குக் கிழங்கிலிருந்து மாவு எடுக்கும் தொழில் தெரியும். இந்த இரண்டு பேரும் சேர்ந்ததில்தான் 1943 வாக்கில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது. கிழங்கை அரைத்துப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவைக் குலுக்கி உருட்டி, வறுத்து, களத்தில் காயவைப்பது வரைக்கும் உள்ளூர் மெக்கானிக்குகள் கை வைத்து மாற்றாத இடமே இல்லை. கருவாட்டு வியாபாரிக்கும் பினாங்குக்காரருக்கும் பழக்கம் ஏற்படாமல் போயிருந்தால் நம் வெயிலும் நம் ஆட்களும் அப்படியேதான் இருந்திருப்பார்கள், சேகோ பேக்டரிதான் இருந்திருக்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிழங்குக்கு விலை மாவுச்சத்துப் பாயிண்ட், அதாவது கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்ற கணக்கு, பார்த்துத்தான் போடுகிறார்கள், அந்தப் பாயிண்ட் எப்படி வருகிறது என்பது வண்டி ஏற்றி அனுப்புகிற விவசாயி பலருக்கு இன்றும் சரியாகத் தெரியாது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லாத இடத்தில் லாபம் ஒரே பக்கம்தான் நிற்கும். யோசனை பரவினால் எல்லோரும் செழிப்பார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களோடு எனக்கு இதில் உடன்பாடு இல்லை, அது யார் வரைக்கும் வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சமீபத்திய கதை இன்னும் பெரிது. 2020-ல் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதல்முறையாகக் கேரளத்தில் தென்பட்டது, கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் பரவியது. குருத்து சுருண்டு முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிடும், செடி வளராது. மருந்து அடித்தால் மேலே இருக்கும் மெழுகுப் பூச்சில் வழிந்து போகும். எங்கள் காட்டிலும் வந்தது, அப்பாவுக்குத் தூக்கமே இல்லை.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவை ஆட்டிப்படைத்தது. கிழங்கு பிறந்த கண்டத்தில் இந்தப் பூச்சிக்கு எதிரி இருக்கும் என்று தேடினார்கள், 1981-ல் பராகுவேயில் பூச்சி அகப்பட்டது, அதன் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒரு குட்டிக் குளவியும் கிடைத்தது. அனகைரஸ் லோபேசி என்று பெயர். ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானியின் குழு அதை நைஜீரியாவில் தொடங்கிப் பல நாடுகளில் விட்டது, அதற்காக அவருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பிறகு தாய்லாந்துக்கும் அந்தக் குளவி போனது. நமக்கு அது மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது. பெங்களூருவில் உள்ள வேளாண் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தருவித்து, வளர்த்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. ஆப்பிரிக்க விவசாயி பட்ட பாட்டில் கற்ற பாடம் அப்படியே ஏத்தாப்பூருக்கு வந்து சேர்ந்தது. எங்களிடம் பணம் எவ்வளவு இருந்திருந்தாலும் இதை நாங்களாகக் கண்டுபிடித்திருக்க முடியாது.

குளவிக்கு வரப்பு தெரியாது. நான் என் காட்டில் குளவியை விட்ட பிறகு பக்கத்துக் காட்டுக்காரர் விஷ மருந்து அடித்தால் குளவி செத்துப்போகும், அதனால் குளவி விடும் முன் அக்கம்பக்கத்து அண்ணன்மாரிடம் போய் உட்கார்ந்து, ஏன் மருந்து அடிக்கக் கூடாது என்று பொறுமையாகப் பேச வேண்டும். எங்கள் பக்கம் இப்போது அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.