வட்டிக்கு விடுமுறை கிடையாது

கேள்வி: எனக்கு 52 வயது. மகளுக்கு நாலு வருடப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு 2.5 லட்சம், மொத்தம் 10 லட்சம் கட்டணம். ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்தது 14 லட்சம் இருக்கிறது. அதில் 7 சதவீதம் வட்டி வருகிறது. செலவு போக மாதம் 9 ஆயிரம் மிஞ்சும். கடன் என்றாலே பயம். சேமிப்பிலிருந்தே கட்டிவிடட்டுமா? 10 சதவீத வட்டியில் கல்விக் கடன் தருகிறார்களாம். வேலைக்குப் போகும்வரை ஒரு காசு கட்டவேண்டாம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: கட்டவேண்டாம் என்பது நிஜம். வட்டி ஓடாது என்று அவர்கள் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அரசே வட்டியை ஏற்கும் கடன்கள் சில உண்டு. மற்றதில் எல்லாம் முதல் தவணைப் பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஏறும்.

வருடா வருடம் 2.5 லட்சம் எடுக்கிறீர்கள். முதல் வருட வட்டி 25 ஆயிரம், அடுத்து 50, பிறகு 75, நாலாம் வருடம் ஒரு லட்சம். வேலை தேட ஒரு வருட அவகாசம் தந்தால் இன்னொரு லட்சம். தனி வட்டியாகவே போட்டாலும் மூன்றரை லட்சம். அதை அசலில் சேர்த்துவிடுவார்கள். என்னிடம் வந்த ஒருவர் கணக்கு விவரத்தை மேசையில் விரித்து, "வாங்கினது 10, இதுல 13.5 போட்டிருக்கு, யாரோ தப்பா ஏத்திட்டாங்க சார்" என்றார். தப்பே இல்லை. கையெழுத்துப் போட்ட தாளில் நாலாம் பக்கத்திலேயே இருந்தது.

13.5 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 17,840. மொத்தம் 21.4 லட்சம் கட்டியிருப்பார் உங்கள் மகள். படிக்கும்போதே வட்டியை மட்டும் நீங்கள் கட்டி வந்தால் அசல் பத்திலேயே நிற்கும். தவணை 13,215 தான். நீங்கள் கட்டிய மூன்றரையையும் சேர்த்து மொத்தச் செலவு 19.4 லட்சத்துக்குள். இரண்டு லட்சம் மிச்சம். முதல் வருடம் மாதம் 2,083 கட்டினால் போதும், கடைசியில் 8,333. உங்கள் 9 ஆயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இனி சேமிப்பு. வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தால் நியாயம் உங்கள் பக்கம். 7 சதவீதம் ஈட்டும் பணத்தை வைத்துக்கொண்டு 10 சதவீதத்துக்குக் கடன் வாங்குவது நஷ்டம்தான். இருந்தும் வாங்கச் சொல்கிறேன். சேமிப்பு கையில் இருந்தால் கடனை நினைத்த அன்று அடைக்கலாம். சேமிப்பைக் கரைத்துவிட்டு, மூன்றாம் வருடம் உங்களுக்கு வேலை போனாலோ அறுவை சிகிச்சை வந்தாலோ, கல்விக் கடன் வட்டியில் யாரும் பணம் தரமாட்டார்கள். தனிநபர் கடன்தான் கதி. அந்த 3 சதவீத வித்தியாசத்தைக் காப்பீட்டு பிரீமியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உண்டு என்றால் நான் சொன்னதில் பாதி அடிபட்டுப்போகும்.

கல்விக் கடன் எல்லாம் ஒரே ஜாதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியா 1989இல் கொண்டுவந்த முறையில், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கடனை அடைக்க ஆரம்பிக்கவேண்டும். இங்கிலாந்திலும் அப்படித்தான்: இளங்கலைக் கடனுக்கு, வரம்புக்கு மேல் வரும் சம்பளத்தில் 9 சதவீதம் பிடிப்பார்கள், குறிப்பிட்ட வருடங்கள் கழித்து மீதியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கடனில் பாக்கித் தொகையைப் பார்த்து மிரண்டு அவசரமாக அடைப்பது பல பேருக்கு வீண். உங்களுடையது வங்கிக் கடன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவகாசம் முடிந்த மாதம் தவணை வந்து நிற்கும்.

மகள் பெயரிலேயே கடன் இருக்கட்டும். நீங்கள் ஜாமீன் போடத்தான் வேண்டியிருக்கும். அவர் தவறினால் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். மாறும் வட்டியா, நிலையான வட்டியா, படிப்பைப் பாதியில் விட்டால் அவகாசம் உடனே முடிந்துவிடுமா என்று கேளுங்கள். 10 லட்சத்தையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள், சிலர் "கையில் இருக்கட்டும்" என்று அதைச் செய்கிறார்கள். உதவித்தொகைக்கு முதலில் விண்ணப்பித்துவிட்டு, குறைவது எவ்வளவோ அதற்கு மட்டும் கடன் கேளுங்கள்.

கையெழுத்துப் போடப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். 13,215 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி, அந்தப் படிப்பை முடித்தவர்கள் முதல் வருடம் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று அவரையே விசாரித்துப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தவணை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், பணம் கட்டுமுன் மறுபடி எனக்கு எழுதுங்கள்.